படம் போடுவதற்கு முன்: தொண்டு நிறுவனங்களும் சமூக ஊடகத் தன்னார்வலர்களும்

தமிழ்நாட்டின் சிறு தொண்டு நிறுவனங்களில் சமூக ஊடகத்துக்கென்று தனி ஆள் இருப்பது அரிது. சிறப்புப் பள்ளியானால் அங்குள்ள பயிற்சியாளர், முதியோர் இல்லமானால் கணக்கு எழுதுபவர், ஏரி தூர்வாரும் குழுவானால் ஸ்மார்ட்போன் நன்றாகக் கையாளத் தெரிந்த இளைஞர் என்று, ஏற்கெனவே கை நிறைய வேலை வைத்திருக்கும் யாரோ ஒருவர்தான் ஃபேஸ்புக் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார். பக்கத்தைத் திறந்தால் குடியரசு தினக் கொடியேற்றம், பொங்கல் வாழ்த்து, நன்கொடையாளருக்குப் பொன்னாடை, வரிசையாக நிற்கும் குழுப்படம் ஆகியவை கிடைக்கும். பிறகு மூன்று நான்கு மாதங்களுக்கு ஒன்றும் இருக்காது. ஆண்டு முழுவதும் அங்கே நடக்கும் உண்மையான வேலையைப் பற்றி ஒரு வரியும் தேறாது.

இதற்கு முதல் காரணம் பணம். நன்கொடையாளர்கள் அரிசிக்கும் பருப்புக்கும் மனமுவந்து தருவார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுபவரின் சம்பளத்துக்குத் தரத் தயங்குவார்கள். வெளிநாட்டு நிதி பெறும் நிறுவனங்களுக்குச் சட்டமே ஒரு வரம்பை வைத்திருக்கிறது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் (எஃப்சிஆர்ஏ) 2020இல் செய்யப்பட்ட திருத்தம், அந்த நிதியிலிருந்து நிர்வாகத்துக்குச் செலவிடக்கூடிய உச்ச அளவை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்துவிட்டது. வாடகை, தணிக்கை, மின்கட்டணம் எல்லாம் போக, சமூக ஊடகத்துக்கு ஆள் வைக்க மிஞ்சுவது மிகக் குறைவு. அந்த வெற்றிடத்துக்குள்தான் தன்னார்வலர் வந்து சேர்கிறார்.

இணையம் வழியே தொண்டு செய்யும் வழக்கம் சமூக ஊடகத்துக்கு முந்தியது. ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு இணையவழித் தன்னார்வப் பணிக்கு 2000ஆம் ஆண்டிலேயே ஏற்பாடு செய்திருந்தது. விளம்பரம், வடிவமைப்பு போன்ற துறைகளில் இருப்பவர்கள் தம் தொழில்திறனையே தொண்டாகக் கொடுக்கலாம் என்ற எண்ணத்தோடு அமெரிக்காவில் டேப்ரூட் ஃபவுண்டேஷன் 2001இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் அதைவிடப் பழைய ஓர் ஏற்பாடு கைவசம் இருக்கிறது. காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் கல்லூரி மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். மரம் நடுவதிலும் விழிப்புணர்வுப் பேரணியிலும் கழியும் அந்த மணிகளில் ஒரு பகுதியை, ஊரிலேயே உள்ள ஒரு சிறு நிறுவனத்தின் யூடியூப் சேனலைச் சீர்செய்வதற்கு ஒதுக்கினால் இரு தரப்புக்கும் பயன் உண்டு.

மாணவர்களைத் தவிர, மென்பொருள் ஊழியர்களும் வீட்டிலிருந்து சில மணி நேரம் ஒதுக்கக்கூடிய பெண்களும் பணி ஓய்வு பெற்றவர்களும் இந்த வேலைக்கு வருகிறார்கள். இவர்களில் பெரும்பாலான நிறுவனங்கள் தேடுவது டிசைன் தெரிந்தவரை. உண்மையில் கிடைத்தற்கரியவர், நல்ல தமிழில் நான்கு வாக்கியம் பிழையின்றி எழுதக்கூடிய ஓய்வுபெற்ற ஆசிரியரோ பத்திரிகையாளரோதான். போஸ்டருக்கு இன்று ஆயத்த அச்சுகள் இருக்கின்றன. கேன்வா செயலி பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களுக்குத் தன் கட்டணப் பதிப்பை இலவசமாகவே தருகிறது. ஒரு நிறுவனம் என்ன செய்கிறது என்பதை வெளியாளுக்குப் புரியும்படி சொல்லும் திறனுக்கு அப்படி ஆயத்த அச்சு கிடையாது.

இந்தப் பணியின் வலிமையையும் அதற்குத் தேவையான ஒழுங்கையும் ஒருசேரக் காட்டியது 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளம். டிசம்பர் 1ஆம் தேதி இரவு தொடங்கி, படகு வேண்டும், பால் வேண்டும், மொட்டைமாடியில் முதியவர் இருக்கிறார் என்று ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் செய்திகள் குவிந்தன. பெங்களூரிலும் டெல்லியிலும் வெளிநாடுகளிலும் இருந்தவர்கள் அவற்றை ஒரு பொதுவான கூகுள் விரிதாளில் தொகுத்தார்கள். ‘சென்னைரெயின்ஸ்’ என்ற தளம் அப்படித்தான் பிறந்தது. திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல், நீர் தேங்கிய தெருக்களை மக்களே குறித்து ஆயிரக்கணக்கில் சேர்த்தார்கள். தங்க இடம் தருவதாகச் சொன்னவர்களின் பட்டியலும் தனியே தயாரானது.

அப்போது மிகப் பெரிய உதவியாக இருந்தது ஓசையில்லாத ஒரு வேலை. வந்த ஒவ்வொரு கோரிக்கையிலும் இருந்த எண்ணை அழைத்து, அது உண்மைதானா, இன்னும் தேவை இருக்கிறதா என்று கேட்டு, தீர்ந்துபோனதை நீக்கும் வேலை அது. மீட்கப்பட்டு உறவினர் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தவரைத் தேடி மறுநாளும் படகு போகுமானால், அந்தப் படகு வேறு யாருக்கோ கிடைக்காமல் போகிறது. பகிர்வதற்கு ஆயிரம் பேர் இருந்தார்கள். சரிபார்க்க உட்கார்ந்தவர்கள் சிலரே. அந்தச் சிலரால்தான் மற்றவர்களின் பகிர்வுக்குப் பொருள் கிடைத்தது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில் தென் மாவட்டங்கள் மூழ்கியபோது இன்னொரு பாடம் கிடைத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் பல இடங்களில் மின்சாரமும் செல்பேசித் தொடர்பும் அறுந்தன. உதவி கேட்டுப் பதிவிட வழியில்லாத ஊர்களிலிருந்து எந்தப் பதிவும் வரவில்லை. திரையில் தெரியும் கோரிக்கைகளை மட்டும் பார்த்து நிவாரணம் அனுப்புபவர், மிகவும் பாதிக்கப்பட்ட இடத்தைத் தவறவிட்டுவிடக்கூடும். பதிவு வராத ஊர்களின் பட்டியலையும் கையில் வைத்திருக்கும் தன்னார்வலரே களத்தில் இருப்பவர்களுக்கு உண்மையில் வழிகாட்டுகிறார்.

இதே ஒழுங்கு சாதாரண நாட்களில் அதிகம் தேவைப்படுவது ரத்ததானக் குழுக்களுக்கு. ‘அவசரம், பி நெகட்டிவ் தேவை’ என்று தேதியில்லாமல் எழுதப்பட்ட ஒரு செய்தி ஆண்டுக்கணக்கில் வாட்ஸ்அப்பில் சுற்றும். அதிலுள்ள எண்ணுக்கு உரியவர், நோயாளி குணமடைந்து வீடு திரும்பிய பிறகும், சில நேரம் நோயாளி இறந்த பிறகும், அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இதற்கான மருந்து எளியது: தேதியும் நேரமும், மருத்துவமனையின் பெயரும் ஊரும், எத்தனை யூனிட் என்பதும், எதுவரை செல்லும் என்பதும் இல்லாமல் குழுவிலிருந்து ஒரு செய்தியும் வெளியே போகக் கூடாது. தேவை முடிந்ததும் அதே பதிவில் முடிந்தது என்று எழுத வேண்டும்.

ரத்தக் குழுக்களின் தன்னார்வலர் செய்யக்கூடிய இன்னொரு நல்ல காரியம் நினைவூட்டல். இந்தியாவில் ஆண் ஒருவர் ஒருமுறை ரத்தம் கொடுத்தபின் மூன்று மாதமும், பெண் நான்கு மாதமும் இடைவெளி விட வேண்டும். கொடுத்த தேதியைக் குறித்து வைத்து, உரிய காலம் ஆனதும் ‘இப்போது நீங்கள் மீண்டும் கொடுக்கலாம்’ என்று ஒரு தனிச் செய்தி அனுப்பும் குழுவுக்கு, அவசரம் என்று அலற வேண்டிய நாட்கள் குறைந்துபோகும்.

பேரிடரும் அவசரமும் இல்லாத காலத்தில் தன்னார்வலர் முதலில் எங்கே தொடங்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலான முயற்சிகள் தடுமாறுகின்றன. வந்த முதல் வாரத்திலேயே புது லோகோ, புது நிறம், தினம் ஒரு பதிவு என்று இறங்கிவிடுகிறார்கள். நிறுவனம் யாரிடம் பேச விரும்புகிறது என்ற கேள்வி கேட்கப்படுவதே இல்லை. நன்கொடையாளரிடமா, புதிய தொண்டர்களிடமா, சேவை பெற வேண்டிய மக்களிடமா? மூவரும் வெவ்வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

பிறவியிலேயே பாதம் உள்வளைந்து பிறக்கும் குழந்தைகளுக்குச் சிகிச்சை பெற்றுத்தரும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். பொன்செட்டி முறையில், பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கினால், வாரம் ஒருமுறை மாவுக்கட்டு மாற்றிச் சில வாரங்களில் பாதத்தை நேராக்கிவிட முடியும். அதன் பிறகு சிறப்புக் காலணியை முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுவதும், பின்னர் சில ஆண்டுகள் தூங்கும்போது மட்டும் போட வேண்டும். இந்தச் செய்தி சேர வேண்டியது குழந்தை பெற்ற தாயிடமும் பாட்டியிடமும் கிராமச் சுகாதாரச் செவிலியரிடமும். அவர்கள் இன்ஸ்டாகிராமில் அந்த நிறுவனத்தைத் தேடப் போவதில்லை. செவிலியர் ஒருவர் சொந்தக் குரலில் பேசி, வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடிய இரண்டு நிமிட ஒலிப்பதிவு, அழகான ஐம்பது போஸ்டர்களைவிட அதிகக் குழந்தைகளைச் சிகிச்சைக்குக் கொண்டுவரும். காலணியை இடையில் நிறுத்தினால் பாதம் மறுபடி வளையும் என்று பெற்றோருக்கு நினைவூட்டுவதும் அதே வழியில் நடக்கலாம். நன்கொடையாளருக்கான பதிவு வேறு. அது வேறு இடத்தில், வேறு தொனியில் இருக்கும்.

வாட்ஸ்அப்பிலும் எதைப் பயன்படுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். குழுவில் சேர்த்தால் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். எச்ஐவியுடன் வாழ்வோர், குடும்ப வன்முறையிலிருந்து தப்பியவர்கள், மனநலச் சிகிச்சையில் இருப்போர் ஆகியோரை அப்படி ஒரு குழுவில் சேர்ப்பது அவர்களை ஊருக்குக் காட்டிக்கொடுப்பதாகும். ஒலிபரப்புப் பட்டியலில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் ஒரு பட்டியலில் 256 பேர்தான் அடங்குவர், நிறுவனத்தின் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச்சேரும். எண்ணைச் சேமிக்கச் சொல்லி முதல் நாளிலேயே கேட்டுவிட்டால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

அதிகப் பேரைச் சென்றடைவது எப்போதும் நல்லது என்ற நம்பிக்கையும் சரியானதல்ல. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் இயங்கிவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தொண்டர்கள், ஆண்டின் தொடக்க மாதங்களில் இரவு முழுவதும் மணலில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். கூட்டமும் டார்ச் வெளிச்சமும் கேமரா ஃபிளாஷும் மிகுந்தால் கரையேறும் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். இத்தகைய அமைப்புக்கு உதவ வருபவரின் திறமை, எத்தனை பேரை அழைப்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதில் இருக்கிறது. முட்டைக் குழி இருக்கும் இடத்தைப் படத்தோடு சேர்த்து வெளியிடக் கூடாது. அரிய பறவையின் கூடு, சிறுத்தையின் தடம் எல்லாவற்றுக்கும் இதுவே விதி. செல்பேசியில் எடுத்த படத்துக்குள் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சமூக ஊடகத் தன்னார்வப் பணியில் அதிகக் கேடு விளையும் இடம் புகைப்படம். தமிழ்நாட்டில் பிள்ளைகளின் பிறந்தநாளைக் குழந்தைகள் இல்லத்தில் கொண்டாடுவது இப்போது பரவலான வழக்கம். கேக் வெட்டி, சாப்பாடு போட்டு, இல்லத்துக் குழந்தைகளை வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்து, அன்று மாலையே ஃபேஸ்புக்கில் ஏற்றிவிடுகிறார்கள். நல்ல மனத்தோடு செய்வதுதான். ஆனால் சிறார் நீதிச் சட்டம் 2015இன் 74ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். வீட்டில் நடந்த கொடுமையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தை எங்கே இருக்கிறது என்பதைக் கொடுமை செய்தவருக்கே காட்டிக்கொடுக்க ஒரு பிறந்தநாள் படம் போதும்.

சட்டத்துக்கு அப்பாலும் ஒரு கேள்வி இருக்கிறது. பத்து வயதில் தட்டேந்தி நின்ற படம், அந்தப் பிள்ளை இருபத்திரண்டு வயதில் வேலைக்குப் போகும்போதும் இணையத்தில் கிடைக்கும். திருமணப் பேச்சின்போதும் கிடைக்கும். அதை அழிக்கும் உரிமை படத்தில் இருப்பவருக்கு நடைமுறையில் கிடையாது. இல்லத்தின் வாசலில் ‘குழந்தைகளைப் படம் எடுக்க வேண்டாம்’ என்று எழுதி வைத்து, அதற்குப் பதிலாக விருந்தினருக்கு இல்லத்துச் சமையலறையையோ குழந்தைகள் வரைந்த ஓவியத்தையோ படம் எடுத்துக்கொள்ளக் கொடுப்பது, தன்னார்வலர் முதல் மாதத்தில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை.

மனநலம் பாதிக்கப்பட்டோர் விஷயம் இன்னும் வேதனையானது. தெருவில் திரியும் ஒருவரைப் பிடித்து நிறுத்தி, முடி வெட்டி, குளிப்பாட்டி, புத்தாடை உடுத்தி, முன்னும் பின்னுமாக முகத்தைக் காட்டும் காணொளிகள் யூடியூபில் ஏராளமாகப் பார்க்கப்படுகின்றன. குளிக்கும் மனிதரின் உடம்பை ஊர் பார்க்கத் திறந்து வைக்கும் உரிமை, சோப்பு வாங்கிக் கொடுத்தவருக்கு எப்படி வந்தது? மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017இன் 24ஆவது பிரிவு, மனநலச் சிகிச்சை நிலையத்தில் இருப்பவரின் படத்தையோ தகவலையோ அவருடைய ஒப்புதல் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்கிறது. தெருவில் இருப்பவருக்கும் அதே மரியாதை உண்டு. மீட்டெடுத்தலில் உண்மையில் கடினமானது பல மாதங்கள் மருந்து கொடுத்து, பேசிப் பேசி, ஊர்ப் பெயரைக் கண்டுபிடித்து, குடும்பத்தைத் தேடிச் சேர்ப்பது. அதைப் படமில்லாமல் எழுத்தில் சொல்ல முடியும். சொன்னால், படிப்பவர் மனத்தில் நெடுநாள் நிற்கும்.

இந்த விவாதம் தமிழ்நாட்டில் மட்டும் எழுந்ததல்ல. 1980களின் நடுவில் எத்தியோப்பியப் பஞ்சத்தின்போது எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்கள் உலகெங்கும் நிதி திரட்டின. அதே படங்கள் ஒரு கண்டத்து மக்கள் அனைவரையும் கையேந்துபவர்களாகச் சித்திரித்தன. அந்த உறுத்தலில் இருந்துதான் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் 1989இல் படங்களுக்கும் செய்திகளுக்குமான நடத்தை விதிகளை வகுத்து, 2006இல் திருத்தி எழுதின.

ஒப்புதல் வாங்கியாயிற்று என்று சொல்வதும் எளிதில் ஏமாற்றிவிடும். மாதாமாதம் அரிசி தருபவர் படம் எடுக்கலாமா என்று கேட்டால் வாங்குபவர் எப்படி மறுப்பார்? ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், மறுத்தாலும் உதவி நிற்காது என்பதை உதவி கொடுத்து முடித்த பிறகே சொல்லிக் கேட்க வேண்டும். பதிவு எப்படி இருக்கும் என்பதைப் போனிலேயே காட்டிவிடுவது நல்லது. பின்னாளில் வேண்டாம் என்று சொன்னால் எந்த எண்ணில் சொல்வது என்பதும் அதில் இருக்க வேண்டும். இதையெல்லாம் செய்தால் பதிவுகளின் எண்ணிக்கை குறையும். குறையட்டும்.

அடுத்தது பணம் கேட்கும் பதிவுகள். இங்கே தன்னார்வலருக்குச் சட்டம் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். 80ஜி வரிச்சலுகை உண்டு என்று போஸ்டரில் போடுவதற்கு முன், நிறுவனத்தின் 80ஜி பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது. க்யூஆர் கோடு நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும். அவசரத்துக்கு என்று தன்னார்வலரின் சொந்த ஜிபே எண்ணைப் போடும் வழக்கம், நேர்மையானவரையும் சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடும். ஸ்கேன் செய்தால் எந்தப் பெயர் தெரியும் என்பதைப் பதிவிலேயே எழுதுவது, படத்தைத் திருடித் தம் க்யூஆர் கோடை ஒட்டிவிடும் மோசடிக்காரர்களுக்கு ஒரு தடை.

கடல் கடந்த தமிழர்களிடம் பதிவு போய்ச் சேரும்போது சிக்கல் கூடுகிறது. துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. சிங்கப்பூரிலோ கனடாவிலோ குடியுரிமை பெற்றுவிட்ட தமிழர் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. அவர் பூர்விகம் தஞ்சாவூராக இருந்தாலும் அப்படித்தான். அந்தப் பணத்தை எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ உள்ள நிறுவனம் மட்டுமே, புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கெனத் திறந்த கணக்கில் மட்டுமே பெறலாம். இது தெரியாமல் ‘உலகத் தமிழர்களே உதவுங்கள்’ என்று உள்ளூர்க் கணக்கு எண்ணோடு ஓர் உருக்கமான காணொளியைப் பரப்பினால், நிறுவனத்தையே வழக்கில் மாட்டிவிடக்கூடும். எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத நிறுவனம், இந்தியக் குடிமக்களிடம் மட்டுமே நன்கொடை பெற இயலும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

பணம் செலவில்லாமல் கிடைக்கும் வசதிகளைத் தேடிப் பெற்றுத் தருவதும் தன்னார்வலரின் வேலைதான். கூகுள் நிறுவனம் தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு மாதம் 10,000 டாலர் மதிப்புவரை தேடல் விளம்பரங்களை இலவசமாகத் தருகிறது. இந்தியாவிலும் அது கிடைக்கும். ‘குழந்தை இன்னும் பேசவில்லை’ என்று இரவில் கூகுளில் தேடும் தாய்க்கு, பக்கத்து ஊரிலேயே இருக்கும் பேச்சுப் பயிற்சி மையத்தின் முகவரி முதல் வரியில் தென்படுவதற்கு இது வழி செய்கிறது. விண்ணப்பிக்கப் பதிவுச் சான்றுகளும் ஒழுங்கான இணையதளமும் வேண்டும் என்பதால் பல சிறு நிறுவனங்கள் கேட்டும் பார்ப்பதில்லை. ஒரு தன்னார்வலரின் இரண்டு வார உழைப்பில் முடியக்கூடிய காரியம் இது.

தமிழில் எழுதுவதிலும் ஒரு பழைய முட்டுக்கட்டை இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக இயங்கும் நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளும் கையேடுகளும் பெரும்பாலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. அவற்றை நகலெடுத்து ஃபேஸ்புக்கில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் வரும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்ற பிறகும் அச்சகங்களில் பழைய வழக்கம் நீடிக்கிறது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய கோப்புகளை மாற்றிப் பிழைதிருத்தி வைத்தால், இரண்டாண்டுக்குப் பதிவிடுவதற்கான விஷயம் அந்த நிறுவனத்தின் அலமாரியிலிருந்தே கிடைத்துவிடும். களப்பணியாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த குறிப்புகளைப் போல உயிருள்ள எழுத்தை வெளியிலிருந்து வரும் எவராலும் எழுத முடியாது.

செய்தி முழுவதையும் படத்துக்குள்ளேயே எழுதிவிடும் பழக்கமும் கைவிடப்பட வேண்டும். பார்வையற்றோர் போனிலும் கணினியிலும் திரைவாசிப்பான் கொண்டு படிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலாளர்கள் இருவர் உருவாக்கிய என்விடிஏ தமிழையும் வாசிக்கும். படத்துக்குள் அடைத்த எழுத்து அதற்கு எட்டாது. படத்துக்கு மாற்று விவரணை எழுதுவதற்கான இடம் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக உழைக்கும் நிறுவனங்களின் பதிவுகளே அதைக் காலியாக விட்டுச் செல்வது வருத்தத்துக்குரியது. காணொளியில் தமிழ் வசன வரிகள் இருந்தால் காது கேளாதோரும் பார்ப்பார்கள், பேருந்தில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவரும் பார்ப்பார்.

லைக்குகளும் சப்ஸ்கிரைபர்களும் அளவுகோலாகும்போது பணி திசைமாறுகிறது. 2014இல் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சவால் உலகெங்கும் பரவி, ஏஎல்எஸ் என்னும் நரம்பு நோய்க்காக இயங்கும் அமெரிக்காவின் ஏஎல்எஸ் அசோசியேஷனுக்கு ஒரே கோடையில் 11.5 கோடி டாலர் கிடைத்தது. அதன்பின் எத்தனையோ நிறுவனங்கள் தமக்கும் ஒரு சவால் வேண்டும் என்று தன்னார்வலரிடம் கேட்டிருக்கும். ஆனால் ஐஸ் தண்ணீர் சவாலை ஏஎல்எஸ் அசோசியேஷன் திட்டமிட்டு உருவாக்கவில்லை. நோயாளிகளும் அவர்களுடைய நண்பர்களும் பற்றவைத்தார்கள். அப்படி ஒன்று நிகழும் என்று காத்திருப்பது திட்டமாகாது. அத்துடன் 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தன் முறையை மாற்றி, நிறுவனப் பக்கங்களைவிட நண்பர்களும் உறவினர்களும் பகிர்வதற்கு முன்னுரிமை கொடுத்தது. பக்கத்தில் போட்டதோடு விட்டால் அது சொந்த ஊழியர்களுக்கே தெரியாமல் போகலாம். இந்த மாதம் எத்தனை பேர் போன் செய்து விசாரித்தார்கள், எத்தனை பெற்றோர் குழந்தையை அழைத்து வந்தார்கள், பழைய நன்கொடையாளர் எத்தனை பேர் மீண்டும் தந்தார்கள் என்று வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்தால், அதுவே நம்பத்தக்க கணக்கு.

எல்லாவற்றையும்விட அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவது, கணக்கு யார் கையில் இருக்கிறது என்பது. ஆர்வமுள்ள கல்லூரி மாணவர் தன் சொந்த மின்னஞ்சலில் பக்கத்தைத் தொடங்கிக் கொடுப்பார். படிப்பு முடிந்து வேறு ஊர் போவார், எண்ணை மாற்றுவார். ஓடிபி அந்தப் பழைய எண்ணுக்குப் போகும். பத்தாயிரம் பேர் பின்தொடரும் பக்கத்தில் ஒரு தொலைபேசி எண்ணைக்கூடத் திருத்த முடியாமல், பெயரோடு ‘நியூ’ சேர்த்து இன்னொரு பக்கம் தொடங்கிய நிறுவனங்கள் உண்டு. ஃபேஸ்புக் பக்கத்துக்கும் யூடியூப் சேனலுக்கும் பாஸ்வேர்டைப் பகிராமலே பலரை நிர்வாகிகளாகச் சேர்க்க முடியும். முழு அதிகாரம் நிறுவனத்தில் நிரந்தரமாக இருக்கும் இருவரிடமும், பதிவிடும் அனுமதி மட்டும் தன்னார்வலரிடமும் இருக்க வேண்டும். மீட்பு மின்னஞ்சலும் எண்ணும் நிறுவனத்துக்குச் சொந்தமானவையாகவும், இரண்டடுக்குப் பாதுகாப்போடும் இருக்க வேண்டும்.

அந்தப் பக்கமும்கூட வாடகை வீடுதான். உரிமையாளர் எந்நேரமும் காலி செய்யச் சொல்லலாம். 2014இல் ஆர்குட் மூடப்பட்டது. 2020 ஜூனில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் டிக்டாக்கும் ஒன்று. அதில் உழைத்துச் சேர்த்த பார்வையாளர்களை ஒரே இரவில் பலர் இழந்தார்கள். நன்கொடையாளர், தொண்டர் ஆகியோரின் எண்களும் மின்னஞ்சல்களும், அவர்கள் சம்மதத்தோடு, நிறுவனத்தின் சொந்தக் கோப்பில் இருக்க வேண்டும். படங்களின் மூலக் கோப்புகளும் ஒப்புதல் படிவங்களும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

தன்னார்வலருக்கு நிறுவனம் செய்ய வேண்டியவையும் உண்டு. ‘எப்போது முடியுமோ அப்போது செய்யுங்கள்’ என்று விட்டால் இரண்டு மாதத்தில் ஆர்வம் வற்றிவிடும். வாரம் எத்தனை மணி, எத்தனை மாதம், எந்த ஒரு வேலை என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். களத்தில் நடப்பதைச் சொல்ல ஓர் ஊழியர் வாரம் அரைமணி நேரம் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதுபவர் கற்பனையில் எழுதத் தொடங்கிவிடுவார். பெண் தன்னார்வலரின் சொந்த எண்ணைத் தொடர்பு எண்ணாகப் போடக் கூடாது. நள்ளிரவு அழைப்புகளும் ஆபாசச் செய்திகளும் அவரை அந்தப் பணியிலிருந்தே விரட்டிவிடும். நிறுவனத்துக்கெனத் தனி சிம் ஒன்று போதும். சாதியையோ மதத்தையோ இழுத்து வசைபாடும் பின்னூட்டம் வந்தால் யார் நீக்குவது, குற்றச்சாட்டு வந்தால் யார் பதில் சொல்வது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அறங்காவலருடையது. பத்தொன்பது வயது மாணவர் தலையில் அதைச் சுமத்தக் கூடாது.

விலகும் நாளில் தன்னார்வலர் ஒப்படைக்க வேண்டியது நான்கைந்து பக்கத்தில் அடங்கும்: கணக்குகளின் பட்டியலும் நிர்வாகிகளின் பெயர்களும், பயன்படுத்தும் எழுத்துருவும் நிறமும், அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்கள், எந்தப் பதிவுக்கு விசாரிப்புகள் வந்தன என்ற குறிப்பு, யார் யாருடைய படத்தை நீக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்ற விவரம். கடைசி மாதத்தில் அவர் எதையும் பதிவிடாமல், நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் பதிவிடுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்ல நடைமுறை. ஊழியரின் முதல் பதிவுகள் சற்றுக் கரடுமுரடாகத்தான் இருக்கும்; எழுத்துப்பிழையை மட்டும் திருத்தி, சொல்முறையை அப்படியே விட்டுவிடலாம். அதன்பின் தன்னார்வலருக்கான அனுமதியை நீக்கி, நிர்வாகிகள் பட்டியலை அறக்கட்டளையின் அடுத்த கூட்டக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை நடக்கும் மாதத்திலேயே இந்தப் பட்டியலையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.